குணாவின் இரண்டாவது ஸ்க்ரூ டிரைவர்

உங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் அதைப் பரிசுக் கோப்பை வைக்கிற அலமாரி என்றுதான் நினைப்பீர்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு குறடு, ஒரு சின்னக் கரண்டி, ஒரு கண்ணாடிக் குழாய், முடி கொட்டிப்போன ஒரு தூரிகை என்று கண்டதும் கிடக்கும். நம் ஆராய்ச்சி மையத்திலிருந்து ஒரு கம்பெனி பிறக்கிற அன்று, அந்தப் பொருளைக் கண்டுபிடித்தவரின் கையிலிருந்து வாங்கி வைத்தவை அவை. ஆளுக்கு ஒன்று. ஒருவருக்கு மட்டும் இரண்டு இருக்கின்றன, சிவப்புப் பிடி போட்ட இரண்டு ஸ்க்ரூ டிரைவர்கள்.

உங்கள் பிரிவுத் தலைவர் போனில் கூப்பிட்டு, "ஸ்டெல்லாக்கா, புதுப் பிள்ளைங்களுக்கு ஒரு வெற்றிக் கதை சொல்லுங்க லா," என்றார். வெற்றிக் கதை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? திரையில் படம் போட்டு, கடைசியில் எல்லாரும் கைகுலுக்குகிற மாதிரி முடித்து, நன்றாகவே சொல்வார்கள். எனக்கு அந்த வித்தை வராது. என் வாய் கொஞ்சம் நீளம் என்றும் உங்களுக்கு யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். அதனால் அந்த இரண்டாவது ஸ்க்ரூ டிரைவர் அலமாரிக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதைத்தான்.

முதலில் அந்த வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அதை ஆரம்பித்தவர் எனக்கு முன்னால், கண்டுபிடிப்புகளைக் கம்பெனியாக்குகிற இந்தப் பிரிவை நடத்தியவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். ஆய்வகத்தில் ஒரு பொருள் தேறி, அதை வைத்துக் கம்பெனி தொடங்கலாம் என்று முடிவானதும் ஊரில் எல்லாரும் நேராக ரிப்பன் வெட்டப் போய்விடுவார்கள். இவர் விடமாட்டார். அந்தப் பொருளைப் பற்றி அரிச்சுவடியும் தெரியாத ஒருவரைக் கூப்பிடுவார். கேண்டீனில் வேலை செய்கிறவராக இருக்கலாம், கணக்குப் பிரிவில் இருக்கிறவராக இருக்கலாம். உபயோகக் குறிப்பைக் கையில் கொடுத்து, ஓட்டிக் காட்டச் சொல்வார். கண்டுபிடித்தவர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, சைகையும் காட்டக் கூடாது. வெளியாள் தானாகவே ஓட்டி முடித்தால்தான் ரிப்பன், மஞ்சள் புளுட் சோறு, கைதட்டல் எல்லாம். அதன் பிறகு கண்டுபிடித்தவர் தன் கைக்கருவி ஒன்றை எடுத்து வந்து அலமாரியில் வைக்க வேண்டும். இனி இதில் நான் கை வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிற மாதிரி.

"பொண்ணக் கட்டிக் குடுத்துட்டு, தெனம் போயி அவ அடுப்படியில நின்னா அந்தக் குடும்பம் வெளங்குமா?" என்பார் அவர். எனக்கு அது சிரிப்பாக இருக்கும். சிரித்துவிட்டுத்தான் நானும் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தேன்.

டாக்டர் குணசேகரன் கோத்தா திங்கிக்காரன். எனக்குத் தம்பி வயது என்பதால் குணா என்று ஒருமையில்தான் கூப்பிடுவேன். ஆற்றங்கரை ஊர்க்காரனுக்கு வெள்ளத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. "சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி இருக்கும்க்கா, குடிக்க ஒரு கிளாஸ் இருக்காது," என்பான். அவன் ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு கிளாசுக்காகத்தான். செம்பனைக் கொட்டையின் ஓட்டைக் கரியாக்கி, அதைக் கிருமி நுழைய முடியாத நெருக்கத்துக்கு அழுத்தி ஒரு வடிகட்டிக் குழலுக்குள் அடைத்து, கலங்கிய ஆற்றுத் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஓர் இயந்திரம் செய்தான். ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தால் போதும், ஓடும். குளோரின் வேண்டாம், அந்த வாடையும் கிடையாது. எங்களுக்கு அதில் பெரிய பெருமை.

அவனுடைய வெளியாள் சோதனை நடந்தபோது இந்தப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. கேண்டீனில் தே தாரிக் என்கிற நுரைத் தேநீர் ஆற்றும் அக்காவை வரச் சொன்னேன். அவர் குறிப்பை எழுத்துக் கூட்டிப் படித்து, ஒவ்வொரு வால்வாகத் திருப்பிக்கொண்டிருந்தார். வெளியே குணாவுக்கு நாற்காலியில் முள் முளைத்துவிட்டது. எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினான். அந்த வால்வு, அந்த வால்வு என்று வாயசைத்தான். நான் கதவைத் திறந்துகொண்டு போய்ப் பிடித்தேன்.

"குணா, வாய மூடிக்கிட்டு உட்காரு. இல்லன்னா கார் பார்க்ல கொண்டுபோய் உட்கார வச்சிருவேன்."

"இல்லக்கா, அவங்க ரொம்ப மெதுவாத் திருப்புறாங்க."

"திருப்பட்டுமே! வெள்ளத்துல நிக்கிறவன் உன்கிட்டப் பாடம் படிச்சிட்டா வந்து திருப்பப் போறான்?"

கேண்டீன் அக்கா முடித்துவிட்டார். தண்ணீர் வந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, "இந்தத் தண்ணியில தே போடலாம் டாக்டர்," என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். குணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் சிவப்புப் பிடி ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தான். அன்று சாயங்காலமே கடைக்குப் போய் அதே மாதிரி இன்னொன்று வாங்கிக்கொண்டான் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிய வந்தது.

கம்பெனி செனாயில் தொடங்கியது. கூட்டாளி வோங், முதலாளி என்பதால் எல்லாருக்கும் தவுக்கே. அங்கே பிளாஸ்டிக் தொழிற்சாலை வைத்திருந்தார். அவருடைய அப்பா பெக்கோக்கில், நான் வளர்ந்த தோட்டத்துக்குப் பக்கத்தில், மளிகைக் கடை வைத்திருந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தவுக்கே தமிழ் பேசினால் திரும்பிப் பார்த்தால்தான் சீனர் என்று தெரியும். தொழிற்சாலையில் ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுத்தார். மையத்துக்கும் கம்பெனியில் பங்கு இருந்தது. மையத்தின் சார்பில் இயக்குநர் குழுவில் நான் உட்கார்ந்தேன். குணா மையத்தில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் ஆய்வகத்தை மையம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. கம்பெனி விழுந்தால் அவன் திரும்பி வந்து நிற்பதற்கு ஓர் இடம் கிடையாது. எல்லாருக்கும் அது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

முதல் ஆண்டு முழுவதும் வாங்க ஆளில்லை. இரண்டாம் ஆண்டுக் கடைசியில்தான் ஒரு பெரிய செம்பனைத் தோட்ட நிறுவனம் எட்டிப் பார்த்தது. அவர்களுடைய எல்லாத் தோட்டங்களிலும் தலா ஓர் இயந்திரம் வைக்க யோசித்தார்கள். கையெழுத்தானால் கம்பெனி நிற்கும். ஆகாவிட்டால், மையம் கொடுத்த உதவித் தொகை முடிகிற அன்றே கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் நான் செனாய்க்குப் போய்த் தயாராக நின்ற மூன்று இயந்திரங்களையும் பார்த்தேன். மூன்றும் மூன்று தினுசு. ஒன்றில் கைப்பிடி வலப்பக்கம், இன்னொன்றில் இடப்பக்கம். குழாயின் வளைவு வேறு. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இது கம்பெனியா, இல்ல உன் லேப்பா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"அக்கா, ஒவ்வொன்னும் முன்ன செஞ்சதவிட நல்லா இருக்குதானே?"

"நல்லாத்தான் இருக்கு. ஒரே மாதிரி இருக்கா?"

"நல்லா செய்யலாம்னு தெரிஞ்சும் பழைய மாதிரியே எப்படிக்கா செய்யிறது? மனசு கேக்க மாட்டேங்குது."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவனிடம் என்ன பேசுவது? தவுக்கேயும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். "டாக்டர் மூளை சும்மா இருக்காது ஸ்டெல்லா, விடு லா." தோட்டத்துக்குப் போகிற இயந்திரங்கள் அச்சில் வார்த்தது போல் ஒன்றாக இருக்கும் என்று குணா வாக்குக் கொடுத்தான். வாக்குக் கொடுக்கும்போது உண்மையாகத்தான் கொடுத்தான். இந்த நோய் ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டுமே வருகிற நோய். ஆய்வகத்தில் தினமும் ஒரு மாற்றம் செய்கிறவனுக்குப் பெயர் கெட்டிக்காரன். வாசலைத் தாண்டி ஓர் அடி வெளியே வந்துவிட்டால் அதே பழக்கம் ஆளையே கவிழ்த்துவிடும். வாசல் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு மழை விடவே இல்லை. ஜொகூர் ஆறு ஏறியது. கோத்தா திங்கியில் தாழ்வான பகுதிகளை எல்லாம் காலி செய்தார்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து குழாய்த் தண்ணீரும் நின்றுவிட்டது. தவுக்கேதான் முதலில் சொன்னார். "மெஷினத் தூக்குங்க. இதுக்குத்தானே செஞ்சோம்?" லாபம் பார்த்துச் சொன்ன வார்த்தை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

மூன்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். நிவாரண மையம் ஒரு பள்ளிக்கூட மண்டபம். பாய் பாயாகக் குடும்பங்கள். ஈரத் துணி வாடை, பிள்ளைகள் அழுகை. குணாவைப் பார்த்ததும் ஊர்க்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "நம்ம குணா செஞ்ச மெஷின்" என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். மலாய்க் குடும்பங்கள், சீனக் குடும்பங்கள், நம்மவர்கள், எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். இரண்டு இயந்திரங்களை ஓட்டினோம், மூன்றாவதை அவசரத்துக்கு வைத்துக்கொண்டோம். முதல் நாள் முழுக்கக் குணா பக்கத்திலேயே நின்றான். தண்ணீர் குறையில்லாமல் வந்தது. அன்று அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தோட்ட நிறுவனத்து அதிகாரிகளுக்குச் செய்தி போய், மறுநாள் மத்தியானம் நேரில் பார்க்க வருகிறோம் என்றார்கள். அதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

மறுநாள் காலையில் டீசலும் புது வடிகட்டிக் குழல்களும் எடுத்துவர நானும் குணாவும் தவுக்கேயின் காடியில் புறப்பட்டோம். இயந்திரங்களைப் புஷ்பா பார்த்துக்கொண்டாள். செனாயில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வெகு காலம் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் சேர்ந்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய், நிதானமானவள். பாதி வழியில் சாலை மூடியிருந்தது. சுற்றிக்கொண்டு திரும்ப மத்தியானம் நெருங்கிவிட்டது.

மண்டபத்துக்குள் நுழைந்தால் வரிசை மளமளவென்று நகர்ந்துகொண்டிருந்தது. "இன்னிக்குத் தண்ணி நல்லா வேகமா வருது டாக்டர்!" என்று ஒரு பெரியவர் புட்டியைத் தூக்கிக் காட்டினார். நான் சிரித்தேன். குணா அப்படியே நின்றுவிட்டான்.

"என்னடா?"

"ரெண்டாவது குழாயப் பாருங்கக்கா. இவ்வளவு வேகமா வரக் கூடாது."

இதை நான் எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். கரிக் குழலைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் அழுந்திப் பிடித்திருக்கும். அந்தப் பிடி இருந்தால்தான் தண்ணீர் வேறு வழியில்லாமல் கரிக்குள் புகுந்து வரும், அதனால் மெதுவாகத்தான் வரும். பிடி தளர்ந்தால் தண்ணீர் பக்கவாட்டில் நழுவிக் கரியைத் தொடாமலே வந்துவிடும். முன்னால் மணல் அடுக்கு இருப்பதால் சேறு நின்றுவிடும், பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். கிருமி மட்டும் அப்படியே இருக்கும்.

குணா புஷ்பாவைத் தனியே கூப்பிட்டான். "ரெண்டாவதுல என்ன செஞ்சீங்க?"

"குழல் அடைச்சிக்கிச்சு டாக்டர். மூனாவது மெஷின்ல இருந்த குழலக் கழட்டி இதுல போட்டேன். கச்சிதமா உட்கார்ந்துச்சே?"

"எப்ப?"

"காலைப் பசியாறைக்கு முன்னாடி."

குணா கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாவது இயந்திரத்திலும் அதன் குழலிலும் மட்டும் ரப்பர் வளையம் உட்காரும் இடத்தை அவன் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தான். நக அளவுதான். குழலைக் கழற்றி மாட்ட இன்னும் சுலபமாக இருக்கும் என்று, அந்த இரண்டாவது ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தானே உட்கார்ந்து செய்த வேலை. வெளிக்கூடு மாறவில்லை. ஒன்றின் குழல் இன்னொன்றில் பொருந்தும். பொருந்தும், பிடிக்காது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவனுக்குத் தோன்றவே இல்லை.

புஷ்பாவிடம் இரண்டாவது குழாயை மூடச் சொல்லிவிட்டு, ஒரு வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். தவுக்கேயிடம் குணா விஷயத்தைச் சொன்னான்.

"அலமாக்!" என்று நெற்றியில் கை வைத்தார். அப்புறம் நிதானமாகக் கேட்டார். "டெஸ்ட் பண்ணியா? தண்ணி கெட்டதுன்னு உறுதியாத் தெரியுமா?"

"இனிமேதான் எடுக்கணும், ரிசல்ட் நாளைக்குத்தான் வரும்."

"அப்பத் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு ஏன் கூரை மேல ஏறிக் கத்தணும்? கொழாய மூடியாச்சு. சர்வீஸ்னு சொல்லுவோம். சரியான குழலப் போட்டுத் தொறப்போம். தோட்டத்துக்காரங்க வர்ற நேரம் டாக்டர், முதலுக்கே மோசம் பண்ணிறாத."

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் அவர் பேச்சு எனக்கும் நியாயமாகப் பட்டது. குழாயை மூடியாகிவிட்டது. இனி கெட்ட தண்ணீர் யாருக்கும் போகாது. கம்பெனியில் வேலை செய்கிற ஒவ்வொரு முகமும் என் கண் முன்னால் வந்து நின்றது. மையத்தின் இயக்குநரைக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன், சிக்னல் செத்துக் கிடந்தது. கேட்க ஆளில்லை. ஜன்னல் வழியாக மண்டபம் தெரிந்தது. தூணோரம் ஒரு மலாய்ப் பெண் பால் புட்டியில் பால்மாவைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"தவுக்கே, கொழாயில இருக்கிற தண்ணிய மூடியாச்சு. புட்டியில போன தண்ணிய யார் மூடுறது?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "சொல்லித்தான் ஆகணும்னா, வேலையாளு தப்பான குழலப் போட்டுட்டாங்கன்னு சொல்லு. மெஷின் மேல தப்பில்லன்னு ஆயிரும். கம்பெனி தப்பிச்சிரும்," என்றார்.

கதவைத் திறந்துகொண்டு புஷ்பா நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. "என் பேரையே சொல்லிருங்கக்கா. நான்தானே போட்டேன். டாக்டர் பேரு கெட வேணாம்," என்றாள்.

குணா பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்தான்.

"பொருந்தக் கூடாதது பொருந்துச்சுன்னா, போட்டவங்க என்ன செய்வாங்க? அது பொருந்துற மாதிரி செஞ்சது நான்," என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "அக்கா, மைக் எங்க இருக்கு?"

முதலில் மண்டபத்தில் இருந்த சுகாதார அதிகாரியிடம் நான் போய் விவரத்தைச் சொன்னேன். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆளை அனுப்பித் தண்ணீர் மாதிரி எடுக்கச் சொல்லிவிட்டு மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார். குணா மலாயில் சொன்னான், பிறகு தமிழில் சொன்னான்.

"நான் குணா. இன்னிக்குக் காலையிலேர்ந்து ரெண்டாவது கொழாயில புடிச்ச தண்ணிய யாரும் குடிக்காதீங்க. கொட்டிருங்க. பிள்ளைங்களுக்குக் கலக்குன பாலையும் கொட்டிருங்க. அது சுத்தமான தண்ணின்னு என்னால சொல்ல முடியல. மெஷின்ல ஒரு பாகத்த மாத்தினேன், யாருகிட்டயும் சொல்லல. தப்பு என்னோடது. மெஷின ஓட்டுனவங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "உன்ன நம்பித்தானடா குடிச்சோம், குணா!"

சற்று முன் புட்டியைத் தூக்கிக் காட்டிய அதே பெரியவர். குணா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம் மாமா," என்றான். அப்புறம் சனங்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்குப் போய்ப் புட்டிகளைக் கவிழ்த்தார்கள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

வாசலில் தோட்ட நிறுவனத்து அதிகாரிகள் நனைந்த சப்பாத்துக் காலோடு நின்றார்கள். எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. தண்ணீர் கொட்டுகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காடி ஏறிப் போய்விட்டார்கள். தவுக்கே படிக்கட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் இயந்திரத்தில் பழுதே கிடையாது. குணா திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்டு மறுபடியும் ஓட்டினான். ஒருவரும் வரிசைக்கு வரவில்லை. நல்ல தண்ணீர் குழாயிலிருந்து வாளிக்குள் விழுந்துகொண்டே இருந்தது. புஷ்பா மட்டும் போய் ஒரு குவளை பிடித்து, எல்லாரும் பார்க்கக் குடித்தாள். அப்போதும் யாரும் வரவில்லை. சாயங்காலம் புட்டித் தண்ணீர் லாரி வந்ததும் குணா இயந்திரத்தை நிறுத்தினான்.

மறுநாள் முடிவு வந்தது. முதல் குழாய் சுத்தம், இரண்டாவதில் கிருமி. மண்டபத்தில் சில பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. மருத்துவமனைக்குப் போய் எல்லாரும் நல்லபடியாகத் திரும்பினார்கள், ஆண்டவர் காப்பாற்றினார். எங்கள் தண்ணீராலா, வெள்ளத்தில் புழங்கியதாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குணா அந்த வாதத்துக்கே போகவில்லை, முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

கையெழுத்து ஆகவில்லை. சீனப் பெருநாளுக்கு முன்பே கம்பெனியை மூடினோம். தவுக்கே எல்லாத் தொழிலாளர்களையும் தன் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சேர்த்துக்கொண்டார். புஷ்பாவிடம் வந்து, "நான் அன்னிக்குப் பேசுனத மறந்துரும்மா," என்றார். கதவு சாத்துகிற கடைசி வாரங்களில், விற்பதற்கு ஒன்றும் இல்லாத நிலையில், குணா மூன்று இயந்திரங்களையும் ஒரே மாதிரி ஆக்கினான். குழலில் ஒரு பல்லும், அது உட்கார ஒரு பள்ளமும் வைத்தான். சரியான குழல், சரியான பக்கம் மட்டுமே உள்ளே போகும். அந்த வரைபடங்களை மையத்திடம் ஒப்படைக்க வந்த அன்று சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்புப் பிடியை எடுத்து என் மேசை மேல் வைத்தான்.

"இதையும் வச்சிக்குங்கக்கா."

"மூனாவது ஒன்னு வாங்க மாட்டியே?" என்று கேலியாகத்தான் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

இப்போது ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லித் தருகிறான். நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் வேறொரு கம்பெனி அந்த வரைபடத்துக்கு உரிமம் வாங்கியது. இயந்திரத்தில் அவன் பெயர் எங்கேயும் இருக்காது.

பிள்ளைகளே, நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். பங்கு பிரிப்பது, காப்புரிமை வாங்குவது எல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கண்டுபிடித்தவர் கையை அந்தப் பொருளிலிருந்து எடுக்க வைப்பதுதான் இந்த வேலையில் பாதி. அவருக்கு வலிக்கும், கெஞ்சுவார், இன்னும் நன்றாக ஆக்கித் தருகிறேன் என்பார். அவர் சொல்வது பொய்யாகவும் இருக்காது. அப்போதும் நீங்கள் இரங்கக் கூடாது. ஏதாவது தவறிவிட்டால் குழாயை மூடிவிட்டோம் என்று நெஞ்சில் கை வைத்துப் படுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே வெளியே போனது எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். சொன்னதால் ஒரு கம்பெனியை நாங்கள் இழந்தோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு, இன்றைக்கும் உண்டு. வருந்துவது வேறு, மாற்றிச் செய்திருப்பேன் என்பது வேறு.

போன மழைக்காலத்தில் எங்கள் தேவாலயத்திலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் எடுத்துக்கொண்டு கோத்தா திங்கிக்குப் போனோம். குணாவும் கூட வந்தான். மண்டபத்துக்குள் நுழைந்தால் அந்த இயந்திரம் நிற்கிறது. நிறம் வேறு, பெயர் வேறு. ஓட்டிக்கொண்டிருந்தது நாங்கள் முன்பின் பார்த்திராத ஒரு தமிழ்ப் பெண். புதுக் குழல் ஒன்றை மாற்றப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள், உள்ளே போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். போகவில்லை. குணா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றான்.

"போயி சொல்லேன்டா," என்றேன் காதோரமாக.

"வேணாம்க்கா. அவங்களே போட்ருவாங்க."

அவள் குழலைத் திருப்பினாள். பல் பள்ளத்தில் உட்கார்ந்து சத்தம் கேட்டது. நிமிர்ந்தவள், கிட்டத்தில் நிற்கிற எங்களைப் பார்த்துவிட்டாள்.

"அங்கிள், மெஷின்கிட்ட யாரும் வரக் கூடாது. தண்ணி வேணும்னா லைன்ல நில்லுங்க."

"சரிம்மா," என்று குணா வரிசையின் கடைசிக்குப் போய் நின்றான். அவன் முறை வந்ததும் குவளையை நீட்டினான். குழாயின் வாயில் குவளை படக் கூடாது என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். சொன்னபடியே பிடித்தான். தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. அங்கேயே நின்று முழுவதையும் குடித்தான்.

"எப்படி இருக்கு அங்கிள்?"

"இந்தத் தண்ணியில தே போடலாம்மா," என்றான் குணா. அவள் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.